உஷார்! புளியங்கொம்பு என்று நம்பி முருங்கைக்கொம்பைப் பிடிக்காதீர்கள்

முருங்கை மரத்தில் ஏறாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. கை தடிமனுக்கு இருக்கும் கிளை, காலை வைத்த மறுநொடி ‘சடக்’கென்று முறியும். வளையாது, முனகாது, இறங்கிக்கொள்ள அவகாசம் தராது. புளியங்கொம்பு அப்படியல்ல. பாரம் கூடினால் தாழும், கிறீச்சிடும், பிடித்தவன் சுதாரிக்க நேரம் கொடுக்கும். அதனால்தான் உறுதியான துணை கிடைத்தவனைப் பார்த்து, ‘புளியங்கொம்பாகப் பிடித்துவிட்டான்’ என்கிறோம்.

பொடி கலந்து வலுவூட்டிய அலுமினியத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு கொம்புகளையும் மறந்துவிடக் கூடாது. அதைத்தான் பலர் மறந்துகொண்டிருக்கிறார்கள். பயந்துபோய் இதை எழுதுகிறேன்.

ஒரு பொறியியல் கல்லூரிக்கு இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவுக்குப் போயிருந்தேன். நான்கு மாணவர்கள். மேசை மேல் பளபளவென்று வார்ப்புத் துண்டுகள். “சார், சிலிக்கன் கார்பைடு சேர்க்கச் சேர்க்க கடினத்தன்மை ஏறிக்கிட்டே போகுது. பைக்குக்கு ஃபுட்ரெஸ்ட், பிரேக் லீவர் எல்லாம் இதுல செய்யலாம் சார்” என்றான் ஒருவன். கண்ணில் அத்தனை பெருமை. “இழுத்துப் பார்த்தீங்களா தம்பி? உடையறதுக்கு முன்னாடி எவ்வளவு நீண்டுச்சு?” என்று கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அட்டவணையில் அந்தப் பத்தியே இல்லை.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்த பேச்சு. விருந்தினராக வந்திருந்த பட்டறைக்காரர் ஒருவர் துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “தம்பி, டை நான் போட்டுத் தர்றேன். லீவர் ஒரு இருபது செட் வார்த்துப் பார்ப்போமா?” என்றார். நல்ல மனிதர், மாணவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் கேட்டார். அந்த லீவரைப் பிடித்துக்கொண்டு மழையில் பைக் ஓட்டப்போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஏறுவது எது, இறங்குவது எது?

அலுமினியம் இலகுவானது, எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பு குறைவு. எஃகின் மீள்தன்மைக் குணகம் 200 கிகாபாஸ்கல் அளவில் இருக்க, அலுமினியத்துக்குச் சுமார் 70தான். தேய்மானத்தையும் அது அவ்வளவாகத் தாங்காது. இந்தக் குறைகளைப் போக்கத்தான் சிலிக்கன் கார்பைடு, அலுமினா போன்ற பீங்கான் பொடிகளையோ இழைகளையோ அதில் கலக்கிறார்கள். பொடி சுமையைத் தாங்குகிறது; விறைப்பும் கடினமும் கூடுகின்றன. இதுவரை எல்லாம் உண்மை.

மீதியையும் பாருங்கள். கனடாவின் அல்கான் நிறுவனம் ‘டுரால்கான்’ என்ற பெயரில் இத்தகைய கலப்பு வார்ப்புகளைத் தொழில்முறையில் தயாரித்தது. பொடி சேர்க்காத ஏ356 வார்ப்பு அலுமினியம், வெப்பப் பதப்படுத்திய பின், ஏறத்தாழ 200 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கி 275 அளவில் உடையும்; அதற்குள் சுமார் 6 சதவீதம் நீளும். 20 சதவீதம் சிலிக்கன் கார்பைடு சேர்த்த டுரால்கான் வகையில் விறைப்பு 75 கிகாபாஸ்கலிலிருந்து 99 அளவுக்கு ஏறியது. நெகிழும் புள்ளி 340 மெகாபாஸ்கலைத் தொட்டது. உடையும் புள்ளி 360. ஆனால் நீட்சி? 6 சதவீதம் இருந்த இடத்தில் 0.4 சதவீதம்!

கையில் பிடித்துப் பார்க்கிற கணக்காகச் சொல்கிறேன். 100 மில்லிமீட்டர் நீளத்தை இழுத்தால், சாதா வார்ப்பு 6 மில்லிமீட்டர் நீண்டு காட்டிவிட்டு அறும். கலப்பு வார்ப்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாமல் இரண்டு துண்டாகும். நெகிழும் புள்ளிக்கும் உடையும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். முன்னதில் 75 மெகாபாஸ்கல். பின்னதில் வெறும் 20. ‘ஐயோ, வளைகிறதே’ என்று கண் பார்த்து மூளை உணர்வதற்குள் கதை முடிந்துவிடும். இத்தனைக்கும் இது வாயுவைக் கட்டுப்படுத்தி, கலக்கும் முறையைப் பல ஆண்டுகள் பழகிய பெருந்தொழிற்சாலையின் சரக்கு. கரி அடுப்பில் மூசை வைத்து, டிரில்லிங் மெஷின் மோட்டாரால் கலக்கி வார்த்த துண்டு இதைவிட நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

நீட்சி ஏன் இவ்வளவு முக்கியம்? எந்தப் பாகத்திலும் ஒரு போல்ட் துளை இருக்கும், ஒரு மூலை இருக்கும், ஒரு மரை இருக்கும். சுமை அங்கேதான் குவியும். நீளும் குணமுள்ள உலோகம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்துகொடுத்து, பாரத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பகிர்ந்துவிடும். நீளாத உலோகத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. குவிந்த இடத்தில் விரிசல் விழுந்து, அங்கிருந்தே ஓடும். பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் கிளாம்ப், தூக்குக் கொக்கி ஆகிய எல்லாவற்றிலும் துளையோ வளைவோ இருக்கிறது. வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தால் சாதா லீவர் வளையும். நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். நீளாத லீவர் விழுந்த அன்றே முறிந்தால் புண்ணியம். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு பத்து நாள் ஓடி, பிடித்து அழுத்துகிற நேரத்தில் கையோடு வந்தால்?

கடினமானி சொல்வது பாதிக் கதை

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் எளிதாகக் கிடைப்பது கடினத்தன்மைச் சோதனை. பிரினெல், விக்கர்ஸ், ராக்வெல் எதுவானாலும் ஐந்து நிமிட வேலை. அதனால் எல்லாரும் அதையே செய்கிறார்கள். எஃகுக்குக் கடினத்தன்மையிலிருந்து இழுவலிமையைத் தோராயமாகக் கணிக்க ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்திலேயே இங்கும் ‘கடினம் கூடியது, ஆகவே வலிமை கூடியது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த ‘ஆகவே’தான் ஆபத்து. கடினமானி உலோகத்தை அழுத்துகிறது. அழுத்தும்போது முனைக்கு அடியிலுள்ள பீங்கான் பொடிகள் ஒன்றோடொன்று நெருங்கி எதிர்த்து நிற்கும், எண் உயரும். இழுக்கும்போது நிலைமை தலைகீழ். அதே பொடி உலோகத்திலிருந்து விட்டு விலகும், அல்லது தானே பிளக்கும். விலகிய இடமெல்லாம் ஒரு குட்டிப் பள்ளம். பள்ளமெல்லாம் விரிசலின் பிறப்பிடம். அழுத்தத்தில் வீரன், இழுப்பில் துரோகி. கடினத்தன்மையை மட்டும் வைத்து இந்த உலோகத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது, எடை தூக்குவதை மட்டும் பார்த்து ஒருவனுக்கு நீச்சல் தெரியும் என்று எழுதிக்கொடுப்பது மாதிரி.

களைப்புச் சோதனையிலும் இதே இரட்டை முகம். சிறு சுமை லட்சக்கணக்கான முறை வந்துபோனால் கலப்பு உலோகம் பல நேரம் நன்றாகவே தாங்கும். பெருஞ்சுமை சில ஆயிரம் முறை வந்தால், சாதா அலுமினியத்தைவிட முன்னதாகவே விட்டுவிடவும் கூடும். நம் சாலைகளின் குழிகளும் வேகத்தடைகளும் எந்த வகைச் சுமையைத் தரும் என்று நீங்களே யோசியுங்கள்.

மூசைக்குள் நடப்பவை

உருகிய அலுமினியத்தில் சுழல் உண்டாக்கிப் பொடி தூவும் முறைதான் ஸ்டர் காஸ்டிங். எம்.கே. சூரப்பாவும் பிரதீப் ரோகத்கியும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்திய அறிவியலாளர்களின் உழைப்பில் வளர்ந்த நல்ல முறை, செலவும் குறைவு. ஆனால் அதற்குள் நான்கு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, ஒட்டாமை. தாமரை இலையில் தண்ணீர் உருளுகிற மாதிரி, வழக்கமான வார்ப்பு வெப்பநிலையில் உருகிய அலுமினியம் சிலிக்கன் கார்பைடு மேல் பரவாது. மெக்னீசியம் சேர்ப்பதும் பொடியை முன்கூட்டிச் சூடேற்றுவதும் இதற்காகத்தான். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பொடி கட்டி கட்டியாகத் திரளும். ரவையைக் கொட்டியதும் கிளறாமல் விட்ட உப்புமா போல. அந்தக் கட்டிக்குள் உலோகமே இருக்காது. ஒட்டாத பொடியும் காற்றும்தான்.

இரண்டாவது, படிதல். சிலிக்கன் கார்பைடின் அடர்த்தி 3.2. உருகிய அலுமினியத்துக்கு 2.4 அளவு. கலக்குவதை நிறுத்தியதும் பொடி அடியில் இறங்கும். பறக்கும் சாம்பலிலுள்ள உள்ளீடற்ற உருண்டைகளோ மேலே மிதக்கும். மூசையின் மேற்பகுதியில் வார்த்த துண்டும் அடிப்பகுதியில் வார்த்த துண்டும் வேறு வேறு உலோகங்கள். ‘10 சதவீதம் சேர்த்தோம்’ என்பது கொட்டிய கணக்கு. துண்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கணக்கு.

மூன்றாவது, வாயு. சுழல் பொடியை மட்டுமா உள்ளிழுக்கிறது? காற்றையும் ஈரத்தையும் சேர்த்து விழுங்குகிறது. உருகிய அலுமினியம் கரைத்துவைத்திருக்கும் ஹைட்ரஜனில் இருபதில் ஒரு பங்கைக்கூட உறைந்த அலுமினியத்தால் வைத்துக்கொள்ள முடியாது. மீதி உள்ளேயே குமிழாகச் சிறைப்படும். மேலே வழவழப்பு, உள்ளே தேன்கூடு.

நான்காவது கண்ணிதான் மிகவும் வஞ்சகமானது. வெப்பம் கூடினாலோ நேரம் நீண்டாலோ அலுமினியமும் சிலிக்கன் கார்பைடும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது உடையக்கூடியது, போதாததற்கு ஈரம் பட்டால் மீத்தேன் வாயுவை விட்டுச் சிதையும். வார்த்த அன்று சோதனையில் தேறிய துண்டு, கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சில மாதங்களில் உள்ளுக்குள் அரித்துப்போகலாம். கலவையில் சிலிக்கன் போதிய அளவு இருந்தால் இந்த வினை அடங்கும். அதனால்தான் டுரால்கானின் சிலிக்கன் கார்பைடு வகைக்கு 9 சதவீதம் அளவு சிலிக்கன் கொண்ட கலவையைத் தேர்ந்தார்கள். 6061 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கன் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே அதில் அவர்கள் சிலிக்கன் கார்பைடைச் சேர்க்காமல் அலுமினாவைச் சேர்த்தார்கள். நம் மாணவர்களோ 6061-ஐ உருக்கி சிலிக்கன் கார்பைடைக் கொட்டுவதையே வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்கிறார்கள். சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

இந்தப் பொருளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆன்டெனா தாங்கி, கிராஃபைட் இழை கலந்த அலுமினியம். போயிங் 777-இன் சில எஞ்சின்களில் காற்றை நெறிப்படுத்தும் தகடுகள், சிலிக்கன் கார்பைடு கலந்த அலுமினியம். அந்தத் தகடுகள் பொடி உலோகவியல் முறையில் இறுக்கிப் பிதுக்கி எடுத்தவை. வாளியில் கலக்கி ஊற்றியவை அல்ல. 1983-இல் டொயோட்டா டீசல் பிஸ்டனில் பீங்கான் இழையைப் பயன்படுத்தியபோது, பிஸ்டன் முழுவதிலும் அதைத் திணிக்கவில்லை. வளையம் உராய்ந்து தேய்கிற பள்ளத்தில் மட்டும் வைத்து, அழுத்தத்தின் கீழ் வார்த்தது. தேய்மானம் எங்கேயோ அங்கே வலுவூட்டல். மற்ற இடத்தில் நீளும் உலோகம்.

1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரில் சிலிக்கன் கார்பைடு கலந்த அலுமினிய பிரேக் டிஸ்க்குகள் இருந்தன. பின்னர் அந்தக் கார் இரும்பு டிஸ்க்குக்கே திரும்பியது. இலகுவான அந்தக் காருக்கு அலுமினிய டிஸ்க் ஒத்துவந்தது என்பதற்காக, பாரம் ஏற்றி மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கும் ஒத்துவரும் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில்; அதற்கு வெகு முன்பே பலம் இழந்துவிடும். வார்ப்பிரும்பு சாதாரணமாகத் தாங்கும் சூட்டில் அலுமினிய டிஸ்க் கீறிக் குழையும்.

உயிருக்கே உலை

பாகம் உடைவது நாளைய ஆபத்து. செய்யும்போதே நேரும் ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

ஈரப் பொடியை உருகிய அலுமினியத்தில் கொட்டாதீர்கள். தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஒரு கரண்டி ஈரம் போதும், மூசையே எரிமலையாகும். ரப்பர் செருப்பும் நைலான் சட்டையுமாக உலை பக்கத்தில் நிற்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்குகிறது. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மெக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் கிளம்பி நெருப்பு பெரிதாகும். காய்ந்த மணலும் உலோகத் தீக்கான அணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாயு நீக்கும் மாத்திரைகளின் புகை நச்சு; மூடிய அறையில் அவற்றைப் போடாதீர்கள்.

அலுமினியத் தூசி சாதாரணத் தூசி அல்ல, வெடிமருந்து. 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் தேங்கிய அலுமினியத் தூசி வெடித்தது. இறந்தவர்கள் 146 பேர். அங்கே யாரும் வெடிபொருள் செய்யவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நெல் உமிச் சாம்பலும் பறக்கும் சாம்பலும் ‘இயற்கைப் பொருள், இலவசம்’ என்ற பெயரில் வருகின்றன. மிகுந்த சூட்டில் எரிந்த உமிச் சாம்பலில் படிகச் சிலிக்கா இருக்கும். பறக்கும் சாம்பலிலும் உண்டு. மூச்சில் தொடர்ந்து போனால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டுவது இதற்குப் போதாது.

உஷாராக இருக்க என்ன செய்ய வேண்டும்?

மாணவர்களே, ஆசிரியர்களே:

1. கடினத்தன்மையோடு நிறுத்தாதீர்கள். இழுவைச் சோதனையில் நெகிழும் புள்ளி, உடையும் புள்ளி, நீட்சி மூன்றையும் எழுதுங்கள். தாக்குச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே வார்ப்பின் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களிலும் துண்டு வெட்டுங்கள். சராசரியை மட்டும் காட்டாமல், மிகக் குறைந்த எண்ணையும் காட்டுங்கள். உடைவது அந்தக் குறைந்த எண்ணில்தான்.

3. ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி பாருங்கள். கணக்கிட்ட அடர்த்தியைவிடக் குறைந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். தண்ணீரும் தராசும் போதும்; செலவே இல்லை.

4. சிலிக்கன் கார்பைடு போடுவதானால் சிலிக்கன் மிகுந்த வார்ப்புக் கலவையைத் தேர்ந்தெடுங்கள். வெப்பத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

பட்டறைக்காரர்களே:

5. பிரேக், ஸ்டியரிங், சக்கரம், தூக்குக் கருவி, அழுத்தக் கலன் ஆகிய எதற்கும் சோதனைச் சான்று இல்லாத கலப்பு வார்ப்பைத் தராதீர்கள். தேய்மானத் தகடு, புஷ் போல உடைந்தாலும் உயிர் போகாத இடங்களில் தொடங்குங்கள்.

6. ஆர்டர் எடுக்கும் முன் லேத் செலவைக் கணக்குப் போடுங்கள். சிலிக்கன் கார்பைடு, நம் கார்பைடு டூல்முனையைவிடக் கடினமானது. முனை சில நிமிடங்களில் மழுங்கும். வைர முனை தேவைப்படும்.

7. கழிவைத் தனியாக வையுங்கள், பெயர் எழுதுங்கள். கலப்பு அலுமினியம் பழைய அலுமினியக் குவியலில் சேர்ந்தால், அடுத்தவர் வார்ப்பிலும் அந்தப் பொடி போய் உட்காரும். யாரோ ஒருவருடைய பாகம், காரணமே தெரியாமல் உடையும்.

வாங்குகிறவர்களே:

8. ‘விமானத்தில் போடுகிற உலோகம்’ என்று சொல்லி உள்ளூர் வார்ப்பில் லீவரோ டிஸ்க்கோ விற்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீட்சி எவ்வளவு? சோதனைத் தாளைக் காட்டுங்கள்.” தாள் வராவிட்டால் திரும்பி நடங்கள்.

அன்று வைவா முடிந்ததும் அந்த நான்கு பேரையும் பட்டறைக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். மீதமிருந்த ஒரு துண்டை வைஸில் மாட்டி, குழாயால் வளைக்கச் சொன்னேன். பெருமையோடு பேசிய அதே பையன் அழுத்தினான். ‘சடக்.’ உடைந்த முகத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் திரண்ட பொடியும் ஊசித்துளைகளும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “இருபது செட் வேண்டாங்க சார்” என்றார்.

எல்லாப் பட்டறையிலும் இப்படி யாராவது வளைத்துக் காட்ட வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே நீங்களே செய்யுங்கள். உங்கள் அட்டவணையில் நீட்சிக்கு ஒரு பத்தி போடுங்கள். அது காலியாக இருக்கும் வரை, அந்தத் துண்டை எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள்.